பழங்கால நகரம் கட்டும் விளையாட்டுகள்: சீசர் 3, ஃபாரோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த விளையாட்டுகளைப் பற்றி இந்தப் பக்கம்?

இம்ப்ரெஷன்ஸ் என்ற நிறுவனத்தின் கணினி விளையாட்டு வரிசையைப் பற்றி. 1992இல் சீசர், 1995இல் சீசர் 2, 1998இல் சீசர் 3, 1999இல் ஃபாரோ, 2000இல் ஸியூஸ் வந்தன. 2002இல் வந்த எம்பரரை அதே பாணியில் பிரேக்அவே என்ற இன்னொரு நிறுவனம் செய்தது. ரோம், எகிப்து, கிரேக்கம், சீனா என்று இடம் மாறினாலும் ஆட்டம் ஒன்றுதான். ஒரு வெற்று நிலமும் கொஞ்சம் பணமும் கொடுப்பார்கள். சாலை போட்டு, மனை பிரித்து, தண்ணீரும் சோறும் கிடைக்கச் செய்து, அதை ஒரு நகரமாக்க வேண்டும்.

இம்ப்ரெஷன்ஸ் 2004இல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் சீசர் 3ஐயும் ஃபாரோவையும் இன்றும் ஆடுகிறார்கள், புதிதாகவும் ஆட வருகிறார்கள். வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டைப் பற்றியவை என்பதால் பதில்களும் இவற்றைச் சுற்றியே இருக்கும்.

புதிதாக ஆடுபவர் எதில் தொடங்கலாம்?

ஃபாரோ. சீசர் 3 கொஞ்சம் கறார். ஃபாரோவின் முதல் சில ஊர்கள் பாடம் மாதிரி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து நகரும். எகிப்தில் ஈடுபாடே இல்லையென்றால் ஸியூஸ். இந்த வரிசையில் மிகவும் இளகிய மனம் கொண்டது அதுதான்.

நன்றாக இருந்த வீடுகள் திடீரென்று குடிசையாகிவிடுகின்றன. நான் எதையும் மாற்றவில்லையே?

அதிகம் வரும் கேள்வி இதுதான். இதற்குப் பதில் புரிந்தால் பாதி ஆட்டம் கைக்குள் வந்துவிடும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இந்த விளையாட்டில் ஒரு கட்டடம் பக்கத்தில் இருப்பதால் மட்டும் வீட்டுக்கு ஒன்றும் கிடைத்துவிடாது. கட்டடத்திலிருந்து ஓர் ஆள் கிளம்பித் தெருவில் நடக்க வேண்டும். அவர் கடந்துபோகும் வீடுகளுக்குத்தான், அதுவும் சாலையின் இருபுறமும் இரண்டு கட்டத்துக்குள் இருக்கும் வீடுகளுக்குத்தான், அந்தச் சேவை கிடைக்கும். பூசாரி, பள்ளிச் சிறுவர்கள், வைத்தியர், சந்தைக்காரி, வரி வசூலிப்பவர் எல்லோரும் இப்படித்தான். ஆடுபவர்கள் இவர்களை 'வாக்கர்' என்பார்கள்.

வாக்கரில் இரண்டு ஜாதி. போகுமிடம் தெரிந்து போகிறவர்கள் ஒரு வகை. வண்டி தள்ளுபவர் பண்ணையிலிருந்து களஞ்சியத்துக்கு நேராகப் போவார், சந்தையின் கொள்முதல்காரி களஞ்சியத்துக்கு நேராகப் போய், கூடை சுமக்கும் பையன்கள் பின்தொடர நேராகத் திரும்புவாள். இவர்களால் தொந்தரவு இல்லை. இன்னொரு வகை, சும்மா சுற்றுபவர்கள். முச்சந்தி வந்தால் எந்தப் பக்கம் திரும்புவார் என்று உங்களாலும் சொல்ல முடியாது, அவராலும் சொல்ல முடியாது. குறிப்பிட்ட தூரம் அலைந்துவிட்டு, இருக்கும் இடத்திலிருந்து குறுக்கு வழியில் கட்டடத்துக்குத் திரும்பிவிடுவார்.

உங்கள் தெருவில் நாலு முச்சந்திகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் பொருட்களை விற்பவள் தொடர்ந்து சில தடவை ஆளில்லாத பக்கமாகத் திரும்பிவிட்டாள். வீட்டில் இருந்த மட்பாண்டம் தீர்ந்துபோகிறது. மட்பாண்டம் இல்லையென்றால் வீடு ஒரு படி இறங்கும். சிறிய வீட்டில் குறைந்த ஆட்களே இருக்க முடியும், ஆகவே மிச்சம் பேர் மூட்டை முடிச்சுடன் ஊரைவிட்டுப் போகிறார்கள். அவர்கள் போனதும் வேலைக்கு ஆள் குறைகிறது. குயவர் பட்டறை பாதி வேகத்தில் ஓடுகிறது, தீயணைப்பு நிலையத்தில் ஆள் இல்லை, எங்கேயோ தீப்பிடிக்கிறது. நீங்கள் அந்தத் தீயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு தெரு குடிசையாகிறது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பெண் இடது பக்கம் திரும்பியது.

இந்த வரிசையின் எரிச்சல் முழுவதும் இந்த நடையில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் சுகமும் இங்கேதான். மற்ற நகர விளையாட்டுகளில் மருத்துவமனையைச் சுற்றி ஒரு பச்சை வட்டம் விழும், அதற்குள் இருப்பவருக்கெல்லாம் வைத்தியம் கிடைத்ததாகக் கணக்கு. இங்கே வைத்தியரே உங்கள் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்க்கலாம். ஊர் ஏன் கெட்டுப்போகிறது என்பதற்கு விடை ஒரு பட்டியலில் இருக்காது, தெருவில் நடந்துகொண்டிருக்கும். அவரைச் சொடுக்கினால் தன் குறையை வாய்விட்டே சொல்வார்.

அப்படியானால் சாலையை எப்படிப் போடுவது?

முச்சந்தியைக் குறையுங்கள், அவ்வளவுதான். குடியிருப்புக்கு ஒரே வளையமாக, கிளையில்லாத சாலை. வளையத்தின் இருபக்கமும் வீடுகள், இடையிடையே சந்தை, கோயில், பள்ளி. கிளை இல்லாத வளையத்தில் வாக்கருக்கு முன்னால் ஒரே வழிதான். நேராக ஒரு தெருவைப் போட்டு முனையை மூடிவிடுவதும் பலன் தரும், கடைசிவரை போய்த் திரும்பி வருவார்.

ஆனால் குடியிருப்பைப் பண்ணையோடும் கிடங்கோடும் இணைத்தாக வேண்டுமே? ஃபாரோவில் இதற்காகவே ரோட் பிளாக் என்று ஒன்று உண்டு. சுற்றித் திரிபவர்கள் அதைத் தாண்ட மாட்டார்கள், போகுமிடம் தெரிந்தவர்கள் தாண்டிப் போவார்கள். சீசர் 3இல் அது கிடையாது. கோட்டை வாசலைச் சாலையின் நடுவில் கட்டி அதே வேலையை வாங்குவது ஆடுபவர்கள் கண்டுபிடித்த தந்திரம். எதிரியே வராத அமைதியான மாகாணத்தில், தெருவுக்குத் தெரு கோட்டை வாசல் நிற்பது பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

ரோட் பிளாக் வந்ததும் ஆட்டம் சுலபமாகிவிட்டது என்று குறைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. நாலு இடத்தில் பலகையை நட்டுவிட்டால் ஊர் கடிகாரம்போல் ஓடும், அப்புறம் நகர் அமைப்புப் படத்தைப் பிரதி எடுப்பதுதான் மிச்சம். இணையத்தில் சுற்றும் 'சரியான' வளையப் படங்களை முதலிலேயே பார்க்காதீர்கள். முதல் இரண்டு மூன்று ஊர்கள் கோணல்மாணலாகவே இருக்கட்டும்.

வேலையில்லாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனாலும் சுரங்கத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்கிறது. ஏன்?

சுரங்கத்துக்குப் பக்கத்தில் வீடு இல்லை. ஒவ்வொரு கட்டடமும் ஆள் தேட ஒருவரை அனுப்பும். அவர் குடியிருக்கும் வீடு ஒன்றையாவது கடந்தால்தான் அந்தக் கட்டடத்துக்கு வேலையாட்கள் வருவார்கள். இதில் ஒரு விநோதம்: வேலையாட்கள் வருவது அந்த வீட்டிலிருந்து அல்ல, ஊரின் மொத்தக் கணக்கிலிருந்து. ஆகவே சுரங்கத்தோரம் ஒரே ஒரு கூடாரம் இருந்தாலும் போதும். அதற்குத் தண்ணீர்கூட வேண்டாம், கூடாரமாகவே கிடக்கட்டும். தீயணைப்பவர் மட்டும் அந்தப் பக்கம் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸியூஸிலும் எம்பரரிலும் இந்தத் தலைவலியை எடுத்துவிட்டார்கள்.

களஞ்சியம் காலி, கிடங்கில் கோதுமை குவிந்திருக்கிறது. மக்கள் பட்டினி. இது பிழையா?

பிழையில்லை. சீசர் 3இல் சந்தைக்காரி உணவைக் களஞ்சியத்திலிருந்து மட்டுமே எடுப்பாள். கிடங்கில் கிடப்பது வியாபாரத்துக்கு. கிடங்கின் உத்தரவுப் பலகையைத் திறந்து கோதுமையை வாங்காதே என்று சொல்லிவிடுங்கள். பண்ணைக்கு அருகே களஞ்சியம் கட்டுங்கள், சந்தை அந்தக் களஞ்சியத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வண்டி தள்ளுபவர் நடக்கும் வேகத்தைப் பார்த்தால் நீங்களே இறங்கித் தள்ளலாமா என்று தோன்றும்.

பணம் எப்போதும் தீர்ந்துபோகிறது. வரியை ஏற்றலாமா?

வரியில் ஊர் பிழைக்காது. பிழைப்பது ஏற்றுமதியில். ஆட்டம் தொடங்கியதும் பேரரசின் வரைபடத்தைத் திறந்து, பக்கத்து ஊர்கள் எதை வாங்குகின்றன என்று பாருங்கள். மட்பாண்டமோ மரச்சாமானோ எண்ணெயோ, உங்கள் நிலத்தில் கிடைப்பதை வைத்துச் செய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வீடுகள் பெருகும் முன்பே அந்தப் பட்டறைகளைக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஊரும் ஆண்டுக்கு இவ்வளவுதான் வாங்கும் என்று வரம்பு உண்டு. ஒரே பொருளுக்குப் பத்துப் பட்டறை கட்டினால் கிடங்கு நிரம்பி நிற்கும்.

சீசர் 3இல் கடன் 5000 தினாரியஸ் வரை போகலாம். அதற்கு மேல் ஒரு செங்கலும் வைக்க முடியாது. கடனிலேயே காலம் தள்ளினால் பேரரசரின் நல்லெண்ணம் கரையும், கடைசியில் அவரே படையை அனுப்புவார். நீங்கள் யாருக்காக ஊரைக் கட்டினீர்களோ அவருடைய படையே வந்து அதை இடிப்பது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

ஒரு வழி இருக்கிறது. ஆளுநரான உங்களுக்கும் சம்பளம் உண்டு. அதைச் சேர்த்துவைத்துப் பேரரசருக்குப் பரிசு அனுப்பலாம், அவர் முகம் மலரும். உங்கள் பதவிக்கு மீறிய சம்பளத்தை எடுத்துக்கொண்டாலோ அதற்கும் முகம் சுளிப்பார். அரசு வேலையைப் பற்றி இந்த விளையாட்டுக்கு நன்றாகவே தெரியும்.

மாளிகைகள் கட்டினேன். ஊர் அழகாக இருக்கிறது, ஆனால் வேலைக்கு ஆளே இல்லை.

மாளிகைவாசிகள் வேலை செய்ய மாட்டார்கள். சீசர் 3இல் வில்லா நிலைக்கு ஏறியதும் அந்த வீட்டார் உழைப்புக் கணக்கிலிருந்து விலகிவிடுவார்கள். வரி கொட்டும், செழிப்பு மதிப்பெண் ஏறும், கைகள் குறையும். உச்ச நிலைக்குப் போனால் உள்ளூர் ஒயின் போதாது, வெளியூர் ஒயினும் வேண்டும் என்பார்கள். ஆகவே எல்லாத் தெருவையும் உயர்த்தாதீர்கள். பணக்காரர் வளையம் ஒன்று, மற்றவை நடுத்தரம். இதைச் செய்யும்போது சில தெருக்களுக்கு வேண்டுமென்றே நல்ல பொருட்களை மறுப்பீர்கள். ஆட்டம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது, நீங்களாக உணர்ந்தால்தான் உண்டு.

சாமிகளுக்கு எவ்வளவு செலவு செய்வது?

பாரபட்சம் காட்டாத அளவுக்கு. சீசர் 3இல் செரெஸ், நெப்டியூன், மெர்க்குரி, மார்ஸ், வீனஸ் என்று ஐந்து பேர். ஒருவருக்கு அதிகக் கோயில், இன்னொருவருக்குக் குறைவு என்றால் பின்னவர் கோபிப்பார். செரெஸ் கோபித்தால் பயிர் போகும், நெப்டியூன் கோபித்தால் கப்பல் போகும். அவ்வப்போது திருவிழா எடுங்கள். ஃபாரோவில் எல்லா ஊரிலும் எல்லாத் தெய்வங்களும் இல்லை என்பதால் சற்று நிம்மதி.

ஃபாரோவில் நைல் நதி ஏன் இவ்வளவு பாடு படுத்துகிறது?

நைலால்தான் ஃபாரோ என்ற விளையாட்டே இருக்கிறது. வெள்ளச் சமவெளியில் போடும் பண்ணைக்கு ஆண்டுக்கு ஒரே அறுவடை. வெள்ளம் வருவதற்கு முன் அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்தாக வேண்டும். அந்த உணவில்தான் அடுத்த அறுவடைவரை ஊர் நகர வேண்டும். வெள்ளம் எப்படி இருக்கும் என்று பூசாரிகள் முன்கூட்டியே சொல்வார்கள். வெள்ளம் குறைந்தால் வண்டல் குறையும், விளைச்சலும் குறையும்.

சீசர் 3இல் தவறு நடந்தால் உடனே தெரியும். ஃபாரோவில் விளைச்சல் சரியாக வராததன் வலி மாதங்கள் கழித்து, பிரமிடுக்குக் கல் இழுக்கும் ஆட்களுக்குச் சோறு இல்லாதபோது தெரியும். இன்னொன்றும் உண்டு. பண்ணை வேலைக்குப் போகும் குடியானவர்களும் கல் இழுப்பவர்களும் ஒரே பணி முகாமிலிருந்துதான் வருகிறார்கள். அதனால் முகாம்களைக் கூட்டாமல் பெரிய நினைவுச்சின்னம் ஒன்றைத் தொடங்கினால் வயலுக்கு ஆள் போதாது. நதியின் காலண்டரோடு வேலையைப் பொருத்திக்கொள்ளப் பழகிய பிறகு, வேறு எந்த நகர விளையாட்டும் தட்டையாகத் தெரியும்.

பிரமிடு கட்டி முடிக்க இவ்வளவு நேரமா?

ஆமாம். நிலத்தைச் சமப்படுத்த வேண்டும், கல்தச்சர், தச்சர், செங்கல் வேலைக்காரர் கூடங்கள் வேண்டும், சுண்ணாம்புக்கல் சறுக்குவண்டியில் ஊர்ந்து வர வேண்டும். வேகத்தைக் கூட்டிவிட்டு நீங்கள் டீ போட்டுக் குடித்து வரலாம்.

பலருக்கு இது சலிப்பு. ஆனால் இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. சக்காராவில் படிக்கட்டுப் பிரமிடு, தெற்கு தாஷூரில் வளைந்த பிரமிடு, கடைசியில் கீஸாவில் பெரிய பிரமிடு என்று வரலாற்று வரிசையிலேயே உங்களைக் கொண்டுபோகிறது. ஸ்னெஃப்ரு மன்னன் ஒன்றுக்கு மேற்பட்ட பிரமிடுகளைக் கட்டித்தான் நேரான சாய்வுக்கு வந்துசேர்ந்தான். கீஸாவை அவன் மகன் கூஃபு கட்டினான். ஆட்டத்திலும் உங்கள் குடும்பமே தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்கிறது.

சண்டை எப்படி?

சுமார். இந்த வரிசையில் யாரும் சண்டைக்காக வருவதில்லை. தொடக்கப் பாட ஊர்கள் முடிந்ததும், சீசர் 3 ஒவ்வொரு பதவியிலும் அமைதியான மாகாணம், ஆபத்தான மாகாணம் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடும். கூச்சப்படாமல் அமைதியை எடுங்கள்.

இதில் வரும் வரலாறு எவ்வளவு உண்மை?

நினைப்பதைவிட அதிகம். சில பெரிய இடங்களில் நினைப்பதைவிடக் குறைவு.

சீசர் 3இல் பிரிஃபெக்ட் தீயை அணைப்பார், திருடனையும் பிடிப்பார். இது கற்பனை அல்ல. கி.பி. 6இல் அகஸ்டஸ் ரோமில் அமைத்த விஜிலெஸ் என்ற படை இரண்டு வேலையையும் பார்த்தது, அதன் தலைவர் ஒரு பிரிஃபெக்ட். ஆட்டத்தில் மக்கள் சந்தையில் உணவுக்குக் காசு கொடுப்பதில்லை என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். ரோமில் அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2 லட்சம் பேருக்கு அரசே இலவசமாகத் தானியம் கொடுத்தது. ஆக, இதுவும் அவ்வளவு தூரம் விலகிவிடவில்லை.

விலகும் இடம் அடிமைமுறை. சீசர் 3இன் ரோமில் எல்லோருக்கும் சம்பளம். சுரங்கத்திலும் பண்ணையிலும் அடிமைகள் உழைத்த ஒரு பேரரசை, கூலி விகிதத்தை ஏற்றி இறக்கி நிர்வகிக்கும் ஊராக்கிவிட்டார்கள். குடும்ப விளையாட்டு, வேறு என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். இருந்தாலும் அது ஒரு பெரிய ஓட்டைதான்.

ஃபாரோ இந்த விஷயத்தில் தற்செயலாகவோ தெரிந்தோ சரியாக இருக்கிறது. பிரமிடைக் கட்டியவர்கள் அடிமைக் கூட்டம் அல்ல. கீஸாவில் தோண்டிய தொழிலாளர் ஊரும் கல்லறைகளும் அதைக் காட்டின. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது ரொட்டியும் பீரும், காசு அல்ல. அந்தக் காலத்து எகிப்தில் நாணயமே கிடையாது. ஆட்டத்தில் பணமாக வரும் டெபென் உண்மையில் ஓர் எடை அளவு. தானியப் படி வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பதிவு இருக்கிறது. மூன்றாம் ராமசேஸின் 29ஆம் ஆட்சியாண்டில் கல்லறை கட்டும் கலைஞர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் போய்க் கோயிலருகே உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் கிடைக்கும் முதல் வேலைநிறுத்தம் அது. ஃபாரோவில் ஏனோ அது இல்லை, ஆட்கள் முணுமுணுத்துவிட்டு ஊரைக் காலிசெய்கிறார்கள்.

நம் பங்குக்கு ஒரு மனக்குறை: இரண்டு விளையாட்டிலும் மிளகு கிடையாது. முசிறியிலிருந்து ரோமுக்குக் கப்பல் கப்பலாகப் போனது, இரண்டாம் ராமசேஸின் மம்மியின் மூக்கில்கூட மிளகு இருந்தது. வணிக வரைபடத்தில் தெற்கே கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்.

இன்றைய கணினியில் ஓடுமா?

ஓடும். ஸ்டீம், ஜிஓஜி என்ற இணைய விளையாட்டுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. சீசர் 3க்கு ஜூலியஸ் என்ற இலவசத் திறமூல மென்பொருள் இருக்கிறது. அது பழைய ஆட்டத்தின் விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு பெரிய திரைகளில் ஓடவைக்கும், ஆண்ட்ராய்டிலும் ஓடும். மூல விளையாட்டின் கோப்புகள் உங்களிடம் இருக்க வேண்டும். அதிலிருந்து கிளைத்த அகஸ்டஸ் என்ற மென்பொருள் ரோட் பிளாக் உட்படப் பல புதிய வசதிகளைச் சேர்த்தது. முதல் தடவை என்றால் ஜூலியஸ், கோட்டை வாசல் தந்திரத்தில் சலித்தவர் என்றால் அகஸ்டஸ்.

ஃபாரோவுக்கு 2023இல் 'எ நியூ எரா' என்று முழு மறுபதிப்பு வந்தது. படங்களைப் புதிதாக வரைந்திருக்கிறார்கள், சுத்தமாக இருக்கிறது. பழைய ஃபாரோவின் மங்கிய மணல் நிறத்துக்குப் பழகியவர்களுக்கு அது கொஞ்சம் பளபளப்பாகப் படலாம்.

வாக்கர் தொல்லையே இல்லாத விளையாட்டு இருக்கிறதா?

இருக்கிறது. இம்ப்ரெஷன்ஸிலிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய டில்டட் மில் 2004இல் சில்ரன் ஆஃப் த நைல் என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் ஒவ்வொரு குடும்பமும் தன் தேவைக்குத் தானே கடைக்கு நடக்கும், தானே கோயிலுக்குப் போகும். நியாயமான ஏற்பாடு, யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மைக்கும் கிட்ட. ஆனாலும் என்னால் அதில் ஒன்ற முடியவில்லை. சேவையைத் தேடி மக்கள் போகும்போது சாலைக்கு வேலை குறைந்துவிடுகிறது, எங்கே வளைத்தாலும் அவர்கள் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அதே ஆட்கள் 2006இல் சீசர் 4ஐயும் செய்தார்கள். முப்பரிமாணம், சுற்றிப் பார்க்கலாம், ஆனால் சீசர் 3 அளவுக்கு யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பழைய வாக்கர் முறையே வேண்டும், களம் மட்டும் புதிதாக வேண்டும் என்றால் 2021இல் வந்த நெபுகத்நேசரைப் பாருங்கள். மெசொப்பொத்தேமியாவில் நடக்கிறது. அதில் சந்தைக்காரர் எந்தத் தெருவில் போக வேண்டும் என்று நீங்களே பாதை வரைந்து கொடுக்கலாம். முச்சந்தியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.